காயல்பட்டினத்தில் கொட்டிய 95 செ.மீ. பாபநாசம் மலையில் கொட்டியிருந்தால்?

வாசகர் கேள்வி
27-12-2023, காலை 10.15

டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் ஊர்க் குளம் ராத்திரியோடு ராத்திரியாக உடைந்து வாழையெல்லாம் மண்மேடாகிக் கிடக்கிறது. என் கேள்வி இதுதான். அந்த மழை கடற்கரையில் பெய்யாமல், ஏறத்தாழ 90 கி.மீ. மேற்கே தள்ளி பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்பிடிப்பில் பெய்திருந்தால் அணைகள் தாங்கியிருக்குமா? கட்டினவர்கள் இப்படி ஒரு மழையைக் கணக்கில் வைத்திருப்பார்களா? "ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் மழை" என்கிறார்கள். வந்துவிட்டது, இனி ஆயிரம் வருஷத்துக்கு வராது என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

27-12-2023, இரவு 9.40

தம்பி, அணைகளின் வெள்ளக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயிரம் ஆண்டு வெள்ளம் என்றால் எந்த ஒரு வருஷத்திலும் அது வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்று அர்த்தம். போன வருஷம் வந்ததா இல்லையா என்று அடுத்த வருஷத்து மேகத்துக்குத் தெரியாது. நூறு ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டிய ஒரு மதகு ஐம்பது வருஷம் நிற்கிறது என்று வையுங்கள். அந்த ஐம்பது வருஷத்துக்குள் அதைவிடப் பெரிய வெள்ளம் ஒரு முறையாவது வர வாய்ப்பு 39 சதவீதத்துக்கும் மேல். கால்குலேட்டரில் 0.99-ஐ ஐம்பது தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள்.

அணை விஷயம் பெரிது. நாளை எழுதுகிறேன்.

28-12-2023, இரவு 10.05

பெரிய அணைகளுக்கு நூறு, ஆயிரம் என்ற கணக்கே கிடையாது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 11223, 1985-ல் வந்தது. அது அணைகளை மூன்றாகப் பிரிக்கிறது. கொள்ளளவு 1 கோடி கன மீட்டருக்குள், நீர் உயரம் 12 மீட்டருக்குள் என்றால் சிறிய அணை, நூறு ஆண்டு வெள்ளம் போதும். 6 கோடி கன மீட்டர், 30 மீட்டர் வரை நடுத்தரம், அதற்கு அந்த வட்டாரத்தில் எதிர்பார்க்கக்கூடிய கடும் புயலால் வரும் "நிலையான திட்ட வெள்ளம்". அதற்கும் மேலே போனால் பெரிய அணை, அதற்கு "சாத்தியமான உச்ச வெள்ளம்". ஆபீசில் எல்லோரும் பிஎம்எஃப் என்றுதான் சொல்வோம். அதற்கு அடிப்படையான மழை பிஎம்பி: அந்த நீர்பிடிப்பில், அந்தப் பருவத்தில், இயற்கையால் கொட்ட முடிந்த உச்சபட்ச மழை.

அந்த உச்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுத்தான். ஒரு வட்டாரத்தில் பதிவான பெரிய புயல்மழைகளை எடுத்து, "இது நம் அணையின் தலைக்கு மேல் நின்றிருந்தால்?" என்று நகர்த்திப் பார்ப்பது. புயல் இடமாற்றம் என்று அதற்குப் பெயர். உங்கள் கேள்வி இந்தத் துறையின் நடுமையம்.

ஆனால் நினைத்த இடத்துக்கு நகர்த்திவிட முடியாது. அந்த மழையைத் தந்த வானிலை அமைப்பு புது இடத்திலும் உருவாகக்கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும். குமரிக்கடல் பக்கம் நிற்கும் சுழற்சி, கிழக்கிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்று பொதிகை மலையின் கிழக்கு முகத்தில் மோதும். அதனால் வடகிழக்குப் பருவத்தில் இந்த மழையைக் கிழக்குச் சரிவுக்கு நகர்த்துவது நியாயமே. மலை இன்னும் கூட்டும். மேற்குச் சரிவுக்கு, கேரளப் பக்கம், நகர்த்துவது அவ்வளவு நியாயமில்லை. வழியில் மலைமுகடு ஈரத்தைத் தடுக்கும், அதற்குக் கழிக்க வேண்டும்.

இன்னொன்று. 95 செ.மீ. என்பது ஒரு புள்ளியில் பெய்தது. அணைக்கு வேண்டியது நீர்பிடிப்பு முழுவதன் சராசரி. ஒரே அளவு மழை பெய்த இடங்களை இணைத்துச் சம மழைக்கோடுகள் வரைந்து, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு பரப்பு என்று அளந்து, நூறு சதுர கி.மீ.க்கு எவ்வளவு, ஐநூறுக்கு எவ்வளவு, ஆறு மணி நேரத்துக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அட்டவணை போடுவோம். பரப்பு கூடக்கூட சராசரி இறங்கும். எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் அணையின் தலையெழுத்து.

30-12-2023, மாலை 6.20

நகர்த்தியதோடு முடியவில்லை. புயலை "முறுக்கேற்ற" வேண்டும். பெய்தது பெய்தது, அன்றைக்குக் காற்றில் இன்னும் அதிக ஈரம் இருந்திருந்தால்? இதற்குப் பனிப்புள்ளி வெப்பநிலையை, அதாவது காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலையை, பிடிப்போம். புயலின்போது ஈரம் வந்த திசையில் 12 மணி நேரம் தொடர்ந்து நிலைத்த பனிப்புள்ளி 24 டிகிரி, அதே பருவத்தில் அந்த இடத்தில் இதுவரை பதிவான உச்சம் 26 டிகிரி என்று வையுங்கள். இரண்டுக்கும் காற்றுத்தூணில் எவ்வளவு நீர் நிற்கும் என்று அட்டவணை இருக்கிறது. இரண்டையும் வகுத்தால் ஏறத்தாழ 1.2. பெய்த மழையை 1.2 ஆல் பெருக்கு.

கேட்க எளிது. இதற்குள் ஒரு பெரிய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அந்தப் புயல் தன் ஈரத்தை மழையாக மாற்றிய திறமையில் உச்சம் தொட்டுவிட்டது, குறைவாக இருந்தது ஈரம் மட்டும்தான் என்று வைத்துக்கொள்கிறோம். இத்தனை வருஷத்தில் பதிவான பெரிய புயல்களில் ஒன்றாவது அந்தத் திறமையின் உச்சத்தைத் தொட்டிருக்கும் என்பது ஊகம். பதிவேட்டில் நிறையப் புயல் இருந்தால் ஊகம் வலுவாகும். குறைவாக இருந்தால்?

2-1-2024, இரவு 11.10

மேலே விட்ட கேள்விக்கு.

நம் பதிவேட்டில் இருக்கும் "மிகப்பெரிய மழை" மழைமானி எங்கே இருந்ததோ அங்கே பெய்த மழை மட்டும்தான். 2005 ஜூலை 26-ல் மும்பை சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பெய்தது. அதே நகரத்தின் தெற்கு முனையில், கொலாபாவில், அன்றைக்கு எட்டு செ.மீ.கூட இல்லை. சாந்தாகுரூஸில் மானி இல்லாமல் கொலாபாவில் மட்டும் இருந்திருந்தால் பதிவேட்டில் அது ஒரு சாதாரண ஆடி மழை. காயல்பட்டினத்திலும் அப்படித்தான். நான்கு மானி வடக்கே, நான்கு மானி தெற்கே தள்ளி இருந்து நடுவில் ஒன்றும் இல்லாமல் போயிருந்தால் இந்த 95 யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்: நமக்குத் தெரியாமல் காட்டிலும் கரிசலிலும் பெய்து ஓடிய மழைகள் எத்தனை?

மானி இருந்தாலும் ஒரு சிக்கல். சாதாரண மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ., உள்ளே 4 லிட்டர் பாட்டில். கணக்குப் போடுங்கள், 20 செ.மீ. மழையில் பாட்டில் நிரம்பிவிடும். அதற்கு மேல் வழிவது வெளி உறையில் தேங்கும், அதுவும் ஓரளவுக்குத்தான். பேய்மழை ராத்திரியில் யாராவது எழுந்து போய் அளந்து ஊற்றிவிட்டு வந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். மலையில் ஒரு மானிக்காரரைப் பார்த்திருக்கிறேன். எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவர். கனமழை நாளில் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்வி, இரண்டு கையாலும் பாட்டிலைத் தூக்கி அளவுக் குப்பியில் ஊற்றுவார். நோட்டில் மணியோடு எழுதி வைப்பார். காலை 8.30-க்கு ஒரு தடவை எழுதினால் போதும் என்றுதான் அவருக்கு உத்தரவு. அவர் எழுதிய அந்த மணிக்கணக்கு எங்களுக்குக் கிடைத்த பொக்கிஷம். ஒரு நாள் மழை என்பது ஆறு மணி நேரத்தில் கொட்டியதா, இருபது மணி நேரம் பரவிப் பெய்ததா என்பதைப் பொறுத்து வெள்ளத்தின் உச்சி இரண்டு மடங்குகூட மாறும்.

தானாகப் பதியும் மானியின் சுருள்தாள்கள் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். கட்டுக் கட்டாகக் கரையான் அரித்து, தொட்டால் உதிர்ந்தது. பெரிய புயல் ஒன்றின் தாளும் அதற்குள் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

3-1-2024, காலை 7.30

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் பகுதிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

பெரிய புயலுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய், மழையில் வெளியே கிடந்த பாத்திரங்களைப் பார்ப்பது ஒரு ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. நானும் செய்திருக்கிறேன். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்கும் அண்டா, பெயின்ட் டப்பா, சிமென்ட் தொட்டி. மரத்தடி, கூரை ஓரம் கூடாது. மழைக்கு முன் காலியாக இருந்ததா, நிரம்பி வழிந்ததா என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள். நிரம்பி வழிந்த பாத்திரம்கூட உபயோகம்தான், "இதற்குக் குறையாமல்" என்று ஒரு எண் கிடைக்கும். இன்னும் நினைவு மங்கவில்லை. ஊர் பெயர், பாத்திரத்தின் ஆழம், தண்ணீர் நின்ற உயரம், எப்போது கொட்டிவிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். சுவரில் வெள்ளம் நின்ற கறை இருந்தால் பெயின்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். தாமிரபரணியில் குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை முங்கியது என்று திருநெல்வேலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்களே, அது வெறும் கதை இல்லை. மட்டம் தெரிந்தால் ஆற்றின் குறுக்குவெட்டையும் சரிவையும் வைத்து எத்தனை கன அடி ஓடியது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

7-1-2024, இரவு 9.00

"ஒரு ஃபார்முலா கிடையாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த டேவிட் ஹெர்ஷ்ஃபீல்ட் 1961-ல் கொடுத்தார். ஒரு மானியின் ஒவ்வொரு வருஷத்து உச்ச ஒருநாள் மழையையும் எடு. சராசரி காண். திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) காண். சராசரியோடு திட்டவிலக்கத்தின் 15 மடங்கைக் கூட்டு. அதுதான் பிஎம்பி. ஆயிரக்கணக்கான மானிகளைப் பார்த்ததில் எதுவும் அந்த 15-ஐத் தாண்டவில்லை என்பதே அந்த எண்ணுக்கு ஆதாரம்.

கையால் போட்டுப் பார்ப்போம். கற்பனையாக ஒரு கடலோர மானி, 50 வருஷப் பதிவு, சராசரி 11 செ.மீ., திட்டவிலக்கம் 5 செ.மீ. பதினைந்து மடங்கு 75, கூட்டினால் 86 செ.மீ. "இதற்கு மேல் இங்கே பெய்யாது" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அடுத்த வருஷம் 94.6 செ.மீ. பெய்கிறது.

இப்போது அந்த ஒரு எண்ணையும் சேர்த்து மறுபடி போடுங்கள். சராசரி 12.6 ஆகிறது. திட்டவிலக்கம் 5-லிருந்து 12.7-க்குத் தாவுகிறது. பிஎம்பி 203 செ.மீ. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மானி, விடை இரண்டு மடங்குக்கும் மேல்.

24 மணி நேர உலகச் சாதனையே 1966 ஜனவரியில் ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக்கில் பெய்த 182.5 செ.மீ. தான். அதுவும் கடல் நடுவே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் எரிமலைச் சரிவில். நம் சமவெளிக்கு 203 என்று எந்தப் பொறியாளரும் எழுத மாட்டார்.

8-1-2024, காலை 6.45

நேற்றைய கணக்கைப் பார்த்து "அப்படியென்றால் இந்த முறையே குப்பையா" என்று கேட்டுவிடாதீர்கள். ஹெர்ஷ்ஃபீல்டுக்கே இந்தச் சிக்கல் தெரியும். தனித்து நிற்கும் ஒரு பெரிய எண் சராசரியையும் விலக்கத்தையும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துத் திருத்தும் வரைபடங்களை அவர் அப்போதே சேர்த்துக் கொடுத்தார். 15 என்ற எண்ணையும் 1965-ல் தளர்த்தினார். சராசரி மழைக்கும் கால அளவுக்கும் ஏற்ப 5 முதல் 20 வரை மாறும் என்றார். மழை குறைவாகப் பெய்யும் இடத்தில் மடங்கு பெரிது.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில் எனக்கு உறுத்தியது வேறு. என் கற்பனை மானியில் அந்த 94.6, பழைய சராசரிக்கு மேலே 16.7 மடங்கு விலக்கத்தில் நிற்கிறது. அதாவது ஃபார்முலா போட்ட வரம்பைத் தாண்டியது ஒரு மழை. பிஎம்பி என்ற பெயரில் "உச்சம்" என்று இருப்பதால் நாம் அதைக் கல்வெட்டாக நினைக்கிறோம். அது அன்றைய தேதி வரைக்கும் கையில் இருந்த பதிவை வைத்து ஒருவர் எடுத்த முடிவு. பெரிய புயல் ஒவ்வொன்றுக்குப் பிறகும் அந்தக் கோப்பைத் திறந்தாக வேண்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

14-1-2024, மாலை 4.30

கேள்வி கேட்ட தம்பி தன் ஊர்க் குளத்தை டேப் வைத்து அளந்து அனுப்பியிருக்கிறார். நீர்பிடிப்பு 25 சதுர கி.மீ., கலுங்கின் (குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கட்டு) நீளம் 40 மீட்டர், கலுங்கு மட்டத்திலிருந்து கரையின் மேல்மட்டம் ஒன்றரை மீட்டர். பொங்கலுக்கு முந்தின நாள் வேறு வேலை ஓடவில்லை, இதைத்தான் போட்டேன்.

நம் பக்கத்துக் குளங்களின் கலுங்குகள் பெரும்பாலும் ரைவ்ஸ் சூத்திரத்தை ஒட்டியவை. சென்னை மாகாணத்துக்காக 1884-ல் வந்தது. நீர்பிடிப்புப் பரப்பை மூன்றில் இரண்டு படிக்கு உயர்த்தி ஒரு எண்ணால் பெருக்கு. கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் அந்த எண் 6.8. அதைத் தாண்டி 160 கி.மீ. வரை 8.5. மலையடிவாரத்துக்கு 10.2. இதில் மழை என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

25 சதுர கி.மீ.க்குப் போட்டால் விநாடிக்கு 58 கன மீட்டர். கலுங்கின் மேல் 90 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் போனால் 40 மீட்டர் நீளத்தில் வெளியேறுவதும் அதே 58. கட்டியவர் சூத்திரப்படி ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார்.

இப்போது 94.6 செ.மீ. இந்த நீர்பிடிப்பில் பெய்தால் 2 கோடியே 36 லட்சம் கன மீட்டர். பத்தில் எட்டுப் பங்கு ஓடி வருகிறது என்று வைத்து, 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பிரித்தாலே விநாடிக்கு 219 கன மீட்டர். இது நாள் முழுவதன் சராசரி. உச்சி இதைவிட மேலே போகும். கரை விளிம்பு வரை தண்ணீர் ஏறினாலும், அதாவது ஒன்றரை மீட்டர் ஏறினாலும், கலுங்கு வெளியேற்றுவது 125 தான். மிச்சம் எங்கே போகும்? கரை மேல் ஏறும். மண் கரை மேல் தண்ணீர் ஏறினால் முதலில் பின்சரிவில் ஒரு சிறு ஓடை விழும், பிறகு அது பள்ளமாகும், பள்ளம் பின்னாலிருந்து முன்னோக்கி அரித்துக்கொண்டே வந்து நீர்முகத்தைத் தொட்டதும் முடிந்தது. சில மணி நேரம்கூட ஆகாது.

அதனால் தம்பி, "கரையைச் சரியாகப் பராமரிக்கவில்லை" என்று மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். கரை புதிதாகவே இருந்திருந்தாலும் அன்றைக்கு உடைந்திருக்கும்.

15-1-2024, இரவு 8.15

இன்னொரு நினைப்பு. மேலே ஒரு குளம் உடைந்து அந்தத் தண்ணீர் சுவர்போல வந்து கீழ்க்குளத்தில் விழும் என்பதை ரைவ்ஸும் சொல்லவில்லை, நானும் நேற்றுக் கணக்கில் சேர்க்கவில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு குளத்தின் கலுங்கில் வழிந்தோடும் மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. மேலே ஒன்று போனால் கீழே வரிசையாகப் போகும்.

11-2-2024, இரவு 10.30

"பெரிய அணைக்கு பிஎம்எஃப் பார்க்கிறார்களே, பிறகென்ன பயம்?" என்று புதிதாக ஒருவர் கேட்கிறார். பயம் பழைய அணைகளைப் பற்றி. பிஎம்எஃப் வழக்கத்துக்கு வருமுன் கட்டியவை நாடு முழுக்க ஏராளம்.

குஜராத் மோர்பிக்கு மேலே மச்சு-2 அணை. 1972-ல் முடிந்தது. நடுவில் 18 ஷட்டர்களோடு கல் கட்டுமான ஸ்பில்வே (உபரி நீர் வெளியேறும் பகுதி), இருபுறமும் நீண்ட மண் கரை. ஸ்பில்வே கொள்ளளவு விநாடிக்கு 2 லட்சம் கன அடி, ஏறத்தாழ 5,660 கன மீட்டர். 1979 ஆகஸ்ட் 11-ல் வந்தது அதைப்போல் மூன்று மடங்கை ஒட்டிய வெள்ளம். இரண்டு பக்க மண் கரையும் கரைந்தோடின. நடுவில் இருந்த கட்டுமானம் நின்றது. மோர்பி நகரம் நிற்கவில்லை. இறந்தவர்கள் எத்தனை ஆயிரம் என்பதற்கு இன்றுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரு எண் கிடையாது. மறுபடி கட்டியபோது வடிவமைப்பு வெள்ளத்தை 21,000 கன மீட்டர் அளவுக்கு உயர்த்தினார்கள். ஏழு வருஷ இடைவெளியில் மழையின் இயல்பு மாறவில்லை. பார்த்த கண் மாறியது.

பக்கத்திலேயே ஒன்று: ஆந்திராவில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை. 2021 நவம்பர் 19, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே தாழ்வு மண்டலம் கரை கடந்த அதே நாள். ஸ்பில்வே சுமார் 2.17 லட்சம் கன அடிக்கு. வந்தது சுமார் 3.2 லட்சம். ஐந்து ஷட்டரில் ஒன்று ஏற்கெனவே பழுது. மண் கரை போயிற்று. ஷட்டர் வைத்த ஸ்பில்வேயில் பத்தில் ஒன்று, குறைந்தது ஒரு ஷட்டர், திறக்காது என்று வைத்தே கணக்குப் போட வேண்டும் என விதி இருப்பது இதற்காகத்தான். கரண்ட் போகும், ரோப் அறும், ஷட்டர்வரை போகும் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கும். பேய்மழை ராத்திரியில் இவையெல்லாம் சேர்ந்துதான் வரும்.

சீனாவின் பன்ச்சியாவ் அணை உடைந்த கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1975 ஆகஸ்ட், நினா புயல். வடிவமைப்பு மழை ஒரு நாளைக்கு 30 செ.மீ. அளவில், "ஆயிரம் ஆண்டு" என்ற பெயரில். கொட்டியது 24 மணி நேரத்தில் 106. இன்னும் அதிக மதகு வைக்கச் சொன்ன நீரியல் நிபுணர் சென் ஷிங்கின் பேச்சை முன்பே ஒதுக்கிவிட்டார்கள். அன்று போனவை ஒன்றல்ல, 62 அணைகள்.

25-2-2024, காலை 9.20

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: முல்லைப் பெரியாறு. சண்டைக்காக எழுதவில்லை, கணக்குக்காக எழுதுகிறேன்.

மத்திய நீர் ஆணையக் கணக்கில் பிஎம்எஃப் விநாடிக்கு 2.12 லட்சம் கன அடி. கேரளத் தரப்பு கொடுத்த ஐஐடி டெல்லி ஆய்வில் 2.91 லட்சம். ஒரே ஆறு, ஒரே நீர்பிடிப்பு. உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ல் அளித்த தீர்ப்பில் முதல் எண்ணை ஏற்றது. நீர்மட்டம் 142 அடியில் இருக்கும்போது அந்த வெள்ளம் வந்தால், 13 ஷட்டரும் திறந்திருக்க, மட்டம் சிறிது நேரம் 153.47 அடிக்கு ஏறி இறங்கும். ஒரு ஷட்டர் திறக்காவிட்டால் 154.10 அடி. அணையின் உயரம் 155 அடி, அதற்கு மேல் கைப்பிடிச் சுவர்.

இரண்டு விடைக்கும் நடுவே 79 ஆயிரம் கன அடி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பொதுவாகச் சொல்கிறேன். எந்தப் புயலை நகர்த்தினார்கள், 24 மணி மழையை மணிக்கு மணி எப்படி அடுக்கினார்கள், மண்ணுக்குள் எவ்வளவு போகும் என்று வைத்தார்கள், சிறு மழைகளிலிருந்து எடுத்த வெள்ள வரைவின் (எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கோட்டுப்படம்) உச்சியை எத்தனை சதவீதம் கூர்மையாக்கினார்கள். நம் வழக்கத்தில் 25 முதல் 50 சதவீதம் வரை கூர்மையாக்கலாம். 25 போட்டவரும் 50 போட்டவரும் விதிக்குள்தான் இருக்கிறார்கள். என் கருத்து இது: எந்த அறிக்கையானாலும் கடைசி எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, இந்த நான்கு படிகளையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தமிழ்நாட்டு அறிக்கைக்கும் அதே விதி, கேரள அறிக்கைக்கும் அதே விதி.

25-2-2024, இரவு 7.05

கல் அணை, கான்கிரீட் அணை தலைக்கு மேல் சிறிது தண்ணீர் போனாலும் சமாளிக்க வாய்ப்புண்டு. மண் அணை சமாளிக்காது. முல்லைப் பெரியாற்றையும் மச்சுவையும் ஒரே மூச்சில் பேசுபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

6-7-2024, இரவு 9.50

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் போன மாதம் பிஎம்பி பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டிருக்கின்றன. முழுவதும் படித்தேன். உலக வானிலை அமைப்பின் பழைய வரையறையில் "நெடுங்காலக் காலநிலைப் போக்குக்கு இடம் கொடுக்காமல்" என்று ஒரு வரி உண்டு. அதை இனி வைத்துக்கொள்ள முடியாது என்பது ஒன்று. தாண்டவே முடியாத உச்சம் என்று சொல்வதை விட்டுவிட்டு, தாண்டுவதற்கு மிக மிகக் குறைந்த வாய்ப்புள்ள மழை என்று சொல்லுங்கள் என்பது இன்னொன்று. பழைய புயல்களை நகர்த்துவதோடு நிற்காமல், கணினி மாதிரிகளில் புயல்களை உருவாக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று பிடித்து வைக்கும் ஈரம் 7 சதவீதம் கூடும். டிசம்பரில் பனிப்புள்ளி பற்றி எழுதினேனே, அந்த 26 டிகிரி உச்சமே இனி நிலையானதில்லை. கடல் சூடாகச் சூடாக அந்த எண் ஏறும், பெருக்குத்தொகையும் ஏறும்.

நம் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-ல் வந்தது. அந்தச் சட்டத்துக்குள் வரும் அணைகள் எல்லாவற்றையும் சுதந்திர நிபுணர் குழு முழுமையாக ஆராய வேண்டும், முதல் ஆய்வு சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்து ஆண்டுக்குள் என்கிறது. 2023 டிசம்பர் மழை அந்த ஆய்வுகளுக்குள் போய்ச் சேர வேண்டும். தென் மாவட்டத்து அணை ஒன்றின் மறுஆய்வு 2023-க்கு முந்தைய புயல்களோடு நின்றுவிட்டால் அதை நான் முழுமையானது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

4-12-2024, இரவு 10.40

ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. சாத்தனூர் அணையிலிருந்து 2-ஆம் தேதி அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் ஊர்களில் தூக்கத்தில் இருந்தவர்களின் வீட்டுக்குள் தண்ணீர்.

பலர் கேட்கிறார்கள், ஸ்பில்வே சரியாக வேலை செய்ததா என்று. செய்தது. அணை நின்றது. ஸ்பில்வே காப்பாற்றுவது அணையை. கீழே இருக்கும் ஊரைக் காப்பாற்றுவது முன்கூட்டியே மட்டத்தைக் குறைப்பதும், எச்சரிக்கை வீடு வீடாகப் போய்ச் சேர்வதும். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள், வேறு வேறு கணக்குகள். சாத்தனூர் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது ஷட்டரைத் திறந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மேலே ஊத்தங்கரைப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருந்த மணி நேரங்களில், அந்த மழைமானிகளின் எண் நிமிடத்துக்கு நிமிடம் அணைக்கு வந்திருந்தால் எவ்வளவு முன்னதாகச் சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாம் என்பதுதான் வேதனை.

9-12-2024, காலை 7.10

கேள்வி கேட்ட தம்பி ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறார். குளத்துக் கரையைக் கட்டிவிட்டார்களாம், கலுங்கை 40 மீட்டரிலிருந்து 75 ஆக நீட்ட ஊரில் மனு எழுதுகிறார்களாம். "எண் சரியா பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்.

ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு 75 மீட்டர் நீளம் என்றால் விநாடிக்கு 234 கன மீட்டர் போகும். ஆனால் அந்த ஒன்றரை மீட்டர் கரையின் விளிம்பு. காற்றுக்கு அலை அடிக்க இடம் வேண்டும், அரை மீட்டராவது விட வேண்டும். அப்போது ஒரு மீட்டர் உயரத்தில் 127 தான். கரையை அரை மீட்டர் உயர்த்தினால்தான் 75 மீட்டர் கலுங்குக்கு முழுப் பலன். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முடியாவிட்டால், ஆளில்லாத பக்கமாகக் கரையில் ஒரு துண்டைத் தாழ்த்தி, மட்டம் மீறினால் அங்கே மட்டும் அரித்துப் போகும்படி விடச் சொல்லுங்கள். ராத்திரியில் கம்பும் மண்வெட்டியுமாக இரண்டு ஊர் நின்று "எங்கே வெட்டுவது" என்று அடித்துக்கொள்வதைவிடப் பகலில் உட்கார்ந்து முடிவு செய்வது நல்லது.

மனு கொடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் மறுகால் போய் விழும் கீழ்க்குளத்தின் கலுங்கையும் அளந்துகொண்டு வாருங்கள். நீங்கள் 58-ஐ 234 ஆக்கினால் அந்தத் தண்ணீர் அவர்கள் கரைக்குத்தான் போகும். அவர்கள் கலுங்கு நீளம், கரை உயரம், நடுவில் ஓடையின் அகலம், ரோட்டுப் பாலத்தில் எத்தனை கண். அளந்து அனுப்புங்கள், இரண்டு குளத்துக்கும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன். மனுவில் இரண்டு ஊர்க் கையெழுத்தும் இருக்கட்டும்.